டியூப் லைட் எரியவில்லையா? முதலில் கீழே நின்று பாருங்கள்

டியூப் லைட் எரியவில்லை என்றால் வீட்டில் யாராவது ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி, டியூபை இரண்டு கையாலும் பிடித்து அப்படியும் இப்படியும் திருகிப் பார்ப்பார். எரிந்தால் இறங்கிவிடுவார். எரியாவிட்டால் கடைக்குப் போய்ப் புது டியூப் வாங்கி வருவார். அதுவும் எரியாதபோதுதான் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போகும். அவர் வந்து, பையிலிருந்து ஒரு ஸ்டார்ட்டரை எடுத்துத் திருகிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்புவார். ஸ்டார்ட்டரின் விலையை விடக் கூலி பல மடங்கு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வண்டியில் வந்து போகிற செலவு அவருக்கும் இருக்கிறது.

இந்த அலைச்சலில் பாதி வேண்டாதது. எரியாத விளக்குகள் எல்லாம் ஒரே மாதிரி எரியாமல் இருப்பதில்லை. இரண்டு முனையும் சிவந்து நடுவில் இருட்டாக இருக்கலாம். விட்டு விட்டு மினுக்கலாம். சுவிட்சைப் போட்டும் எந்தச் சலனமும் இல்லாமல் கிடக்கலாம். இதில் எது என்று கீழே நின்று அரை நிமிடம் பார்த்தாலே, மாற்ற வேண்டிய சாமான் எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எப்படி எரிகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இதெல்லாம் சுலபம். டியூபை மாட்டும் பழைய பட்டியில் இருப்பவை நான்கே சாமான்கள்: டியூப், சோக், ஸ்டார்ட்டர், இரண்டு பக்க ஹோல்டர்கள். டியூபின் ஒவ்வொரு முனையிலும் ஒரு சின்ன டங்ஸ்டன் ஃபிலமென்ட் இருக்கிறது, வெளியே தெரியும் இரண்டிரண்டு பின்களும் அதன் நுனிகள்தான். குழாய்க்குள் கொஞ்சம் ஆர்கான் வாயுவும் சில மில்லிகிராம் பாதரசமும் உண்டு. சுவிட்சைப் போட்டதும் மின்சாரம் நேராக டியூபுக்குள் பாய முடியாது, 230 வோல்ட் அதற்குப் போதாது. அதனால் சோக், ஒரு ஃபிலமென்ட், ஸ்டார்ட்டர், மறு ஃபிலமென்ட் என்று சுற்றி வருகிறது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் குட்டிக் கண்ணாடிக் குமிழில் இரட்டை உலோகத் தகடு ஒன்று சூடாகி வளைந்து எதிர்முனையைத் தொடும். தொட்டதும் இரண்டு ஃபிலமென்ட்டும் சிவக்கும். தொட்ட தகடு ஆறி விலகும். விலகுகிற அந்தக் கணத்தில் சோக் பல நூறு வோல்ட் உதையொன்றைக் கொடுக்கும், டியூபுக்குள் வாயு பற்றிக்கொள்ளும். பாதரச ஆவியிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடிதான் அதை வெளிச்சமாக மாற்றுகிறது.

தகடு விலகும் நேரம் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தில் சரியான இடத்தில் அமையாவிட்டால் உதை பலமாக இருக்காது. அதனால்தான் நல்ல விளக்குகூட இரண்டு மூன்று முறை மினுக்கிவிட்டு எரிகிறது. எரிந்த பிறகு ஸ்டார்ட்டருக்கு வேலை இல்லை. சோக்குக்கு உண்டு, டியூபுக்குள் மின்சாரம் கட்டுமீறிப் போகாமல் பிடித்து வைப்பது அதுதான்.

ஏறுவதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. சுவிட்ச் ஃபேஸ் ஒயரில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பழைய வீடுகளில், அவசரமாக இழுத்த ஒயரிங்கில், அது நியூட்ரலில் இருப்பதைப் பார்க்கலாம். விளக்கு ஒழுங்காகவே எரியும், அணையும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் பட்டிக்குள் ஹோல்டர், சோக், ஒயர் எல்லாவற்றிலும் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். மேலே ஏறிக் கை வைக்கிறவருக்குத்தான் அது தெரியும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இரவில் சுவிட்சை அணைத்து அறையை நன்றாக இருட்டாக்கிவிட்டுப் பாருங்கள். அணைத்தவுடன் சில விநாடி டியூபில் மங்கல் தெரிவது இயல்பு. வெகுநேரமாகியும் போகாத மங்கலான ஒளி இருந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு வேலைக்கு வருகிறவரிடம், சுவிட்சை அணைத்துவிட்டு பட்டியின் கனெக்டரில் டெஸ்டர் வைக்கச் சொன்னாலும் தெரிந்துவிடும். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால், டியூபை விடுங்கள், முதலில் அந்த ஒயரை மாற்ற வேண்டும்.

எனவே எப்போதும் எம்.சி.பி.யையோ மெயினையோ அணைத்துவிட்டே ஏறுங்கள். மரஸ்டூல், காலில் ரப்பர் செருப்பு, காய்ந்த கை, கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள். டியூபை வாங்கிக் கீழே வைக்கவும் அந்த ஆள் வேண்டும், நான்கடி நீளக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்குவது சர்க்கஸ். பவர் ஃபேக்டருக்காகக் கண்டென்சர் வைத்த பட்டியாக இருந்தால், அணைத்த பிறகும் அது மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். அதன் முனைகளைத் தொடாதீர்கள்.

முனைகள் மட்டும் சிவந்தால்

இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறத்தில் சிவந்திருக்கிறது, நடுவில் வெளிச்சம் இல்லை, மினுக்கலும் இல்லை. இதுதான் இருப்பதிலேயே சுலபமான பழுது. ஃபிலமென்ட் இரண்டும் நன்றாக இருக்கின்றன, சோக்கிலும் மின்சாரம் ஓடுகிறது. ஸ்டார்ட்டரின் தகடு மட்டும் ஒட்டியது விலகவே இல்லை. அல்லது ஸ்டார்ட்டருக்குள் குமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கும். ரேடியோவில் கரகரப்பு வராமல் இருக்க வைத்த கண்டென்சர் அது, போகும்போது விளக்கையும் சேர்த்துக் கெடுத்துவிட்டுப் போகிறது.

கெட்ட ஸ்டார்ட்டரைத் தூக்கிப் போடும் முன் அதன் மூடியைக் கழற்றிப் பாருங்கள், சுவாரஸ்யமாக இருக்கும். கண்ணாடிக் குமிழின் உட்புறம் கறுத்துப் போயிருக்கும். தகடும் கம்பியும் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஸ்டார்ட்டரைக் கழற்ற இடப்பக்கம் கால் சுற்று, மாட்ட வலப்பக்கம் கால் சுற்று. வாங்கும்போது அதன்மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவைப் படியுங்கள். நான்கடி டியூபுக்கு 4–65 வாட் என்று போட்டது வேண்டும். 4–22 வாட் என்று ஒன்று உண்டு, அது இரண்டு சின்ன டியூப்களை ஒரே சோக்கில் வரிசையாக எரிக்கிற பட்டிக்கானது. கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும், பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும். இந்தப் பழுதை அப்படியே விட்டு வைக்காதீர்கள். முனைகள் சிவந்தபடியே கிடந்தால் நல்ல ஃபிலமென்ட் வீணாகும், சோக்கும் காயும். ஒரு டீக்காசுக்குக் கிடைக்கும் சாமானுக்காக மற்ற இரண்டையும் இழக்க வேண்டியிருக்கும்.

விடாமல் மினுக்கினால்

இதற்குக் காரணம் ஒன்றல்ல, அதனால் வரிசையாகப் போக வேண்டும். முதலில் நேரத்தைக் கவனியுங்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல், ஊரே மோட்டாரும் விளக்கும் போடுகிற நேரத்தில் மட்டும் மினுக்குகிறது, நடு இரவில் ஒழுங்காக எரிகிறது என்றால் விளக்கில் குற்றம் இல்லை, லோ வோல்டேஜ். சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் காப்பர் சோக் வைத்த விளக்கு பற்றிக்கொள்வதற்குத் திணறும். அந்த நேரத்தில் புது டியூப் வாங்கிப் போட்டாலும் இதே கதைதான்.

வோல்டேஜ் சரியாக இருந்தால் டியூபின் முனைகளைப் பாருங்கள். முனையை ஒட்டிக் கன்னங்கரேலென்று கறுத்திருந்தால் டியூபின் ஆயுள் முடிந்துவிட்டது. ஃபிலமென்ட்டின் மேல் பூசியிருக்கும் பூச்சு ஒவ்வொரு முறை எரிய வைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்து கண்ணாடியில் படிகிறது, அந்தக் கறுப்புதான் இது. தொட்டதற்கெல்லாம் அணைத்து அணைத்துப் போடுகிற குளியலறை விளக்கு சீக்கிரம் கறுப்பதும், இரவு முழுக்க எரிகிற வாசல் விளக்கு தாக்குப்பிடிப்பதும் இதனால்தான். முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி மங்கலான சாம்பல் வளையம் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. புது டியூபே சில வாரத்தில் கறுத்தால் அது வேறு விஷயம்: சோக்கின் வாட் பொருந்தவில்லை, அல்லது ஸ்டார்ட்டர் சரியில்லை, அல்லது ஹோல்டர் லூஸ்.

முனை கறுக்கவில்லை என்றால் ஸ்டார்ட்டரை மாற்றிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் ஹோல்டர்.

கறுத்த டியூபை "எரிகிற வரைக்கும் எரியட்டும்" என்று விட்டு வைக்கிற பழக்கம் உண்டு. ஒரு முனை மட்டும் முற்றிலும் செத்துவிட்டால் மின்சாரம் ஒரு திசையில் நன்றாகவும் மறு திசையில் அரைகுறையாகவும் போகும். சோக் அதிகமாகச் சூடாகி உறுமத் தொடங்கும். போன டியூபுக்காகச் சோக்கையும் பறிகொடுப்பானேன்?

அசையாமல் கிடந்தால்

சுவிட்சைப் போட்டால் முனையில் சிவப்பும் இல்லை, மினுக்கலும் இல்லை. அந்த அறையில் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கரண்ட் வருகிறது, சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். திருகினால் எரிந்துவிடுகிற டியூப்கள் இந்த வகையைச் சேர்ந்தவைதான். பின் பச்சை பூத்திருக்கும், அல்லது ஹோல்டருக்குள் இருக்கும் பித்தளைத் தகடு விறைப்பு இழந்திருக்கும். திருகும்போது சுரண்டி ஒட்டிக்கொள்கிறது. எரிந்துவிட்டது என்று விட்டால் சில நாளில் மறுபடி போகும். மெயினை அணைத்துவிட்டுப் பின்களை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஹோல்டர் உருகியோ மஞ்சளாகிப் பொரிந்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். அங்கே பொறி பறந்திருக்கிறது.

பட்டியின் மூடியைக் கழற்றுகிறவர் அங்கே ஒரு குடித்தனத்தையும் எதிர்பார்க்கலாம். வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைத் தின்ன வரும் பல்லி பட்டிக்குப் பின்னாலேயே தங்கிவிடும். முட்டை ஓடு, எச்சம், காய்ந்த பூச்சி, நூலாம்படை எல்லாம் கனெக்டரைச் சுற்றிக் குவிந்திருக்கும். சில சமயம் பல்லியே இரண்டு முனைக்கு நடுவில் கருகிக் கிடக்கும். பெயின்ட் அடிக்கும் காய்ந்த பிரஷ் ஒன்றால் தட்டிவிட்டு, கனெக்டர் ஸ்குரூக்களை இறுக்கினாலே உயிர் வந்துவிடுகிற பட்டிகள் உண்டு.

அதிலும் வரவில்லை என்றால் டியூபா, சோக்கா என்று பிரிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறான திசையில் போகிறார்கள். பக்கத்து அறையில் எரிகிற நல்ல டியூபைக் கொண்டுவந்து கெட்ட பட்டியில் மாட்டிப் பார்ப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சந்தேகத்துக்குரிய டியூபை, நன்றாக எரிகிற பட்டிக்குக் கொண்டுபோய் மாட்டுங்கள். காரணம் சோக். சோக்கின் சுற்று உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் மின்சாரத்தைப் பிடித்து நிறுத்த ஆள் இருக்காது. மாட்டுகிற டியூபின் ஃபிலமென்ட் பளிச்சென்று ஒரு மின்னு மின்னிவிட்டு அறுந்துபோகும். நல்ல டியூபைக் கொண்டுபோனால் அதையும் இழப்பீர்கள். போட்ட புது டியூப் நொடியில் போய்விட்டது என்றால் இன்னொன்று வாங்காதீர்கள், போனது சோக்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் இந்தத் தூக்கிச் சுமக்கும் வேலைகூட வேண்டாம். கழற்றிய டியூபின் ஒரு முனையில் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் அளந்தால் சில ஓம் காட்ட வேண்டும். மறு முனையிலும் அப்படியே. ஒன்று காட்டாவிட்டாலும் டியூப் அவ்வளவுதான். மெயின் அணைந்த நிலையில் காப்பர் சோக்கின் இரு முனைகளையும் அளந்தால் சில பத்து ஓம் வரும். முடிவிலி என்றால் உள்ளே அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி என்றால் ஷார்ட்.

சோக்கை மாற்றும்போது மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 38 மில்லிமீட்டர் பருமனுள்ள பழைய 40 வாட் டியூபும், 26 மில்லிமீட்டர் பருமனுள்ள 36 வாட் டியூபும் ஒரே சோக்கில் எரியும். சீட்டில் 0.43 ஆம்பியர் என்று இருக்கும். 16 மில்லிமீட்டர் ஒல்லி டியூப் அந்தப் பட்டியில் சேராது. விலை குறைவு என்று அலுமினியச் சுற்று சோக்கை வாங்கினால் அதிகச் சூடும் குறைந்த ஆயுளும்தான் மிச்சம்.

சோக் முனகுவது எல்லோரும் கேட்டது. உள்ளே அடுக்கிய இரும்புத் தகடுகள் விநாடிக்கு 100 முறை அதிர்வதால் வரும் சத்தம் அது. திடீரென்று கூடினால் பட்டியில் சோக்கைப் பிடித்திருக்கும் ஸ்குரூ லூஸாகியிருக்கும், இறுக்கினால் அடங்கும். காப்பர் சோக் சூடாக இருப்பதும் இயல்புதான். ஆனால் கருகிய வாசனை வந்தாலோ, உள்ளே நிரப்பிய தார் போன்ற கலவை உருகி வழிந்திருந்தாலோ உடனே மெயினை அணைத்துவிட்டு அந்தப் பட்டியையே கழற்றச் சொல்லுங்கள். இரும்புப் பட்டிக்கு எர்த் ஒயர் இல்லாத வீடுகளில் இதில் உயிராபத்து உண்டு. சோக்கின் இன்சுலேஷன் போனால் பட்டி முழுவதிலும் கரண்ட் பாயும்.

எலெக்ட்ரானிக் சோக் வைத்த பட்டியில் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அதற்கு ஸ்டார்ட்டரே கிடையாது. பழைய பட்டியில் எலெக்ட்ரானிக் சோக் போட்டிருந்தால் ஸ்டார்ட்டரின் இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும். லோ வோல்டேஜிலும் எரியும், மினுக்காது, முனகாது. ஆனால் இடி மின்னலுக்கும் வோல்டேஜ் துள்ளலுக்கும் பயந்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது செத்துவிட்டது என்றால் சோக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஃபிலமென்ட் அறுந்த டியூபின் பின்களை ஒயரால் சேர்த்துக் கட்டி இந்த சோக்கில் எரிய வைக்கிற குறுக்குவழி சிலருக்குத் தெரியும். எரியும். சோக்கைக் கொன்றுவிட்டுத்தான் ஓயும்.

எதுவரை ரிப்பேர் செய்வது?

ஸ்டார்ட்டர், ஹோல்டர் என்றால் மாற்றுங்கள். கையில் மிச்ச டியூப் இருந்தால் போடுங்கள். சோக் போய்விட்டது என்றால் என் கருத்தில் அந்தப் பட்டியோடு சரி, எல்.இ.டி.க்கு மாறிவிடுங்கள். காப்பர் சோக்கோடு எரிகிற 40 வாட் டியூப் உண்மையில் இழுப்பது 50 வாட்டுக்கு மேல், ஏனென்றால் சோக்கே பத்துப் பன்னிரண்டு வாட்டைச் சூடாக்கி வீணடிக்கிறது. அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. பட்டி போதும். தினம் 6 மணி நேரம் எரிகிற ஒரு விளக்கில் 30 வாட் மிச்சம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 65 யூனிட். சாமானும் வெகுகாலம் கிடைக்கப் போவதில்லை. பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடியபோது, பாதரச டியூப் லைட்டுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் படிப்படியாக நிறுத்துவது என்று முடிவு செய்தன.

கழற்றிய டியூபைக் குப்பைத்தொட்டியில் சாத்திவிட்டு வராதீர்கள். தெருவில் அதை உடைத்து விளையாடப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். உள்ளே இருப்பது பாதரசம். இந்தியாவின் மின்கழிவு விதிகளில் டியூப் லைட்டும் உண்டு, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுப்பதே முறை. வீட்டுக்குள் உடைந்துவிட்டால் ஃபேனையும் ஏசியையும் அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் பத்து நிமிடம் வெளியே இருங்கள். பிறகு துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வேக்குவம் கிளீனரும் வேண்டாம், இரண்டும் பொடியைப் பரப்பிவிடும். கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, ஈரத்தாளால் துடைத்து, எல்லாவற்றையும் மூடி போட்ட பாட்டிலில் அடைத்துவிடுங்கள்.

பழைய பட்டியை வைத்துக்கொண்டே எல்.இ.டி. டியூப் மட்டும் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு ஸ்டார்ட்டரைக் கழற்றி, பெரும்பாலும் சோக்கையும் விலக்கி, ஃபேஸையும் நியூட்ரலையும் நேராக ஹோல்டருக்குக் கொண்டுவருவார்கள். சில எல்.இ.டி. டியூபில் இரண்டு ஒயரும் ஒரே முனைக்கு வரும், சிலவற்றில் முனைக்கு ஒன்று. டியூபோடு வரும் படத்தைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். இந்த வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அவர் முடித்ததும் ஒரு மார்க்கர் பேனாவால் பட்டியின்மேல் 'எல்.இ.டி. மட்டும்' என்று பெரிதாக எழுதி வையுங்கள். நாளைக்கு வாடகைக்கு வருகிற யாராவது அதில் பழைய டியூபை மாட்டினால், மின்சாரத்தைக் கட்டுப்படுத்த அங்கே சோக் இருக்காது.